நூலும் அழைப்பும்

பெரிய காஞ்சிபுரத்தில் பூணூல் கல்யாண மேளம் கேட்டால் எனக்கு நெசவாளிகள் ஞாபகம்தான் வரும். 1705இல் மதுரையில் ஆவணி அவிட்டச் சடங்கு செய்த சௌராஷ்டிர நெசவாளர் 18 பேரைப் பிடித்து அடைத்தார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டென்று ராணி மங்கம்மாள் ஓலை கொடுத்தார். ஓலை அவர்களை உள்ளே விட்டது; வாசலை அப்படியே வைத்தது.

யூதர்களிடம் இதற்குப் பக்கத்தில் வருவது 'பார் மிட்ஸ்வா'. 13 வயதுப் பையனைத் தகப்பன் பெயரோடு சேர்த்து அழைத்து, சபை முன் தோரா வாசிக்க வைப்பார்கள். ஆக, வயதுக்கு வருவது வம்சக் கணக்கும்கூட. தோராவில் சாதி கிடையாதே என்பீர்கள். கொச்சியில் இருந்தது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வாரிசுகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு முன்கூடத்தில்தான் இடம். வாசிப்பிலும் சம உரிமை இல்லை. 13 வயசு அவங்க பிள்ளைக்கும்தான் ஆச்சு. கூப்பிட்டால்தானே?

அந்த வழியில் வந்த வக்கீல் ஏ.பி. சாலேம் (1882–1967) காந்தியின் சத்தியாகிரகத்தை ஆலயத்துக்குள்ளேயே நடத்தினார். தன்னை உயர்த்தும் ஓலை எதையும் தேடாமல் பாகுபாட்டையே எதிர்த்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

தோரா வாசிக்க வயதுவந்த ஆண்கள் 10 பேர் கூட வேண்டும். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, பரதேசி ஆலயத்தில் அந்தப் பத்துக்கு வெளியூர் யூதர்களை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.