கட்டளைக்கு எழும் திரை

நம் சங்கப் படிப்பகத்தின் மூலையில் இருக்கும் கணிப்பொறியை அன்பர்கள் அறிவீர்கள். அதற்கு வயது பன்னிரண்டு. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. அங்கத்தினர் பட்டியல், பொங்கல் விழாப் படங்கள், ஞாயிறு வகுப்புச் சிறுவர்களின் தமிழ்ப் பாடங்கள் யாவும் அதனுள்ளேதான் இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு மாலை, கடவுச்சொல்லைக் கொடுத்தவுடன் திரை ஒரு கணம் இருண்டு, மீண்டும் கடவுச்சொல்லையே கேட்டது. எத்தனை முறை கொடுத்தாலும் அதே கதைதான். கடைத்தெருவிலிருந்து அழைத்து வந்த பழுது பார்ப்பவர், 'கத்தம்' என்று இந்தியில் ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டுப் புதிய பொறியின் விலையையும் கூறினார். பிரதி எடுத்து வைக்காத குற்றம் நம்முடையதாகையால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

உண்மையில் பொறிக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. அதில் இயங்குவது லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன். அதில் நாம் காணும் சாளரங்களும் பட்டிகளும் சித்திரங்களும், அதாவது டெஸ்க்டாப் எனப்படும் திரைமுகப்பு, பொறியின் உயிர் அன்று; உள்ளே ஓடும் பல நிரல்களுள் அதுவும் ஒன்று. கூடத்து விளக்கு அணைந்தால் வீடே இடிந்துவிட்டதென்று எவரேனும் சொல்வார்களா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 என்னும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினோம். கறுப்புத் திரையில் வெள்ளெழுத்துத் தோன்றிப் பெயரைக் கேட்டது; பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் உள்ளே விட்டது.

'டிஎஃப் -எச்' என்று ஆணையிட்டோம். வட்டில் 100 விழுக்காடும் நிரம்பியிருந்தது! திரைமுகப்பு எழும்போது சில சிறு கோப்புகளை எழுதிக்கொள்ள வேண்டும். எழுத இடமில்லாததால் வாசலிலேயே நம்மைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே விழாப் படங்களை நால்வர் நான்கு முறை ஏற்றி வைத்திருந்தமையே காரணம். (அந்த நால்வருள் நாமும் ஒருவர்.) இரட்டிப்புப் படங்களை நீக்கி, 'சூடோ ஆப்ட் கிளீன்' என்னும் கட்டளையால் பழைய நிறுவற் பொதிகளையும் துடைத்தபின் இடம் கிடைத்தது.

எனினும் பழைய திரைமுகப்பு 2 ஜி.பி. நினைவகத்திற்கு மிகுந்த பாரம். ஆகவே எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான முகப்பைத் தேர்ந்தோம். 1996ஆம் ஆண்டில் ஒலிவியே ஃபோர்டான் என்பவர் தொடங்கியது அது. தைவானில் 2006ஆம் ஆண்டு பிறந்த எல்எக்ஸ்டிஇ இன்னும் சிறியது. நம் படிப்பகத்துச் சிறுவர்களுக்கு முன்னதே எளிதாயிருக்கும் என்று எண்ணினோம். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ4' என்று இட்டதும் இணையத்திலிருந்து வேண்டியவை இறங்கின.

இனி அதை எழுப்பும் முறை. 'ஸ்டார்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை அடித்து, அதனையொட்டி எக்ஸ், எஃப், சி, இ என்ற எழுத்துகளையும் 4 என்ற இலக்கத்தையும் அடிக்க வேண்டும். எல்லாம் சிறிய எழுத்துகள். நடுவே இடைவெளி கூடாது. என்டர் விசையைத் தட்டியதும் அந்தக் கட்டளை முதலில் எக்ஸ் என்னும் திரைச் சேவகனை எழுப்பும். பிறகு சாளரங்களை ஆளும் நிரலையும் பட்டியையும் அதன்மேல் அமர்த்தும். எக்ஸ் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1984இல் தோன்றியது. ஆகவே நம் பொறி அதற்குப் பேரன் முறை. வேலை முடிந்து வெளியேறினால் மீண்டும் கறுப்புத் திரைக்கே வந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டளைக்கு முன்னே 'சூடோ' என்னும் அதிகாரச் சொல்லைச் சேர்க்கலாகாது. சேர்த்தால் நம் இல்லக் கோப்புறையிலுள்ள சில கோப்புகள் தலைமைப் பயனருக்கு உரியவையாகிவிடும். மறுநாள் நம்மால் அவற்றில் எழுத முடியாமல், பழையபடி வாசலிலேயே நிற்க நேரும். அவசரத்தில் சூடோ போடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

இப்போது பொறி துவங்கும்போது கறுப்புத் திரையிலேயே நிற்குமாறு அமைத்திருக்கிறோம். படங்களைப் பிரதியெடுப்பது போன்ற வேலைகளுக்குத் திரைமுகப்பை எழுப்புவதேயில்லை. தமிழ் எழுத வேண்டுமாயின் எழுப்புகிறோம். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின்போது வகுக்கப்பட்ட தமிழ்99 விசைமுறை அதன் விசைப்பலகை அமைப்பிலேயே கிடைக்கிறது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவில் முடிந்துவிட்டபடியால், நம் அன்பர் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய பழைய பொறிகள் பரண் ஏறியிருக்கும். எடைக்குப் போடுமுன் ஒரு ஞாயிறு மாலை படிப்பகத்திற்குக் கொண்டு வாருங்கள். முதலில் உள்ளே இருப்பவற்றைப் பிரதி எடுப்போம்; மற்றவை அப்புறம். நம் விழாப் படங்கள் இப்போது இரண்டு வட்டுகளில் இருக்கின்றன. ஒன்று படிப்பக அலமாரியில். மற்றொன்று செயலாளர் வீட்டில், அம்மையார் பொறுப்பில்.