நான்கு தந்தியில் மாயாமாளவகௌளை

இசை கற்கத் தொடங்கும் நம் சிறார் முதலில் பாடுவது மாயாமாளவகௌளை. இதில் சரளி வரிசையைத் தொடங்கும் முறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. பிரிக்பீல்ட்ஸில், 1981-இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வளர்த்துவரும் கலைகளுள் கருநாடக இசையும் ஒன்று. கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ இவ்விசை கற்கும் பிள்ளையின் வீட்டில் இன்று யுகுலேலே இருப்பதும் வியப்பன்று. இவ்விரண்டையும் இணைக்க இயலுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

யுகுலேலே போர்த்துக்கீசியச் சிறு கித்தாரின் வழி வந்தது. 1879-இல் மதீராத் தீவினர் அதன் முன்னோடியை ஹவாய்க்குக் கொண்டு சென்றனர். மலாய்த் தீவுகளின் குரோஞ்சோங் இசையில் ஒலிக்கும் சிறு தந்திக் கருவிகளும் அக்குடும்பத்தனவே. ஆதலின் இந்நாட்டுக்கு இது முற்றிலும் அயலானதன்று.

மேனாட்டார் மூன்று சுரங்களை ஒருசேர ஒலித்துப் பாட்டுக்குத் துணையாக்குவர். அதனைச் ‘சுரக்கூட்டு’ என்போம். வாசிப்போர் ‘கார்டு’ என்பர். நம் மரபில் கூட்டொலி வளரவில்லையாயினும், சுரங்களுக்கிடையே உள்ள உறவை இணை, கிளை, நட்பு, பகை எனப் பண்டைத் தமிழர் பகுத்தறிந்தனர். விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) அதனை விரித்துரைக்கும்.

மாயாமாளவகௌளையில் ரிஷபமும் தைவதமும் சுத்தம், காந்தாரம் அந்தரம், மத்திமம் சுத்தம், நிஷாதம் காகலி. மேனாட்டுப் பாடநூல்களின் முதல் அளவையோ நம் சங்கராபரணம். அதில் ரிஷபமும் தைவதமும் சதுச்ருதி, அதாவது அரைச்சுரம் உயர்ந்தவை. தொல்லை யாவும் இவ்விரு சுரங்களில்தான்.

ஒரு கட்டைச் சுருதியை ஷட்ஜமாகக் கொண்டால், யுகுலேலேயின் நான்கு தந்திகளும் முறையே ப, ச, க, த என ஒலிக்கும். இத்தைவதம் சதுச்ருதி; நம் இராகத்துக்கு ஆகாதது. எனவே நான்காம் தந்தியை ஒருபோதும் வெறுந்தந்தியாக மீட்டலாகாது. இதுவே முதல் விதி.

இனி, ஒன்று விட்டு ஒன்றாக மும்மூன்று சுரங்களைச் சேர்த்தால் ஏழு கூட்டுகள் பிறக்கும். தந்தி வரிசைப்படி எத்தனையாவது மெட்டில் விரல் வைப்பது என்பதை எண்கள் குறிக்கும். 0 என்பது வெறுந்தந்தி.

ச-க-ப : 0-0-0-3
ரி-ம-த : 1-1-1-4
க-ப-நி : 0-4-3-2
ம-த-ச : 1-0-1-3
ப-நி-ரி : 0-1-3-2
த-ச-க : 1-0-0-3
நி-ரி-ம : 4-1-1-2

மேனாட்டு இசையில் பாட்டை ஷட்ஜத்துக்கு மீட்டு வருவது பஞ்சமக் கூட்டு. நம் இராகத்தில் அக்கூட்டின் ரிஷபம் தாழ்ந்து நிற்பதால் அதற்கு அவ்வுறுதி இல்லை. அப்பணியை இங்கே ரிஷபக் கூட்டு ஏற்கிறது. மேலுள்ள எண்களை ஒப்பிட்டால் உண்மை விளங்கும்: ஷட்ஜக் கூட்டையே ஒரு மெட்டு மேலேற்றியதுதான் ரிஷபக் கூட்டு. அவரோகண முடிவில் குரல் ரி-யிலிருந்து ச-வுக்கு இறங்கும்போது, கையும் அவ்வாறே ஒரு மெட்டு இறங்குகிறது.

முதற் சரளி வரிசைக்குத் துணை எளிது. ஏறும்போது ச, ரி, க மூன்றுக்கும் ஷட்ஜக் கூட்டு. ம-வுக்கு மத்திமக் கூட்டு. ப-வுக்கு மீண்டும் ஷட்ஜக் கூட்டு. த-வுக்கு மத்திமக் கூட்டு. நி-க்குப் பஞ்சமக் கூட்டு. மேல் ச-வில் ஷட்ஜக் கூட்டு. இறங்கும்போது இதனையே திருப்பி, ரி-க்கு மட்டும் ரிஷபக் கூட்டை அமைக்க.

இத்துணை நுணுக்கம் எதற்கு எனலாம். கைநூலில் அச்சிட்ட பஞ்சமக் கூட்டு 0-2-3-2. மத்திமக் கூட்டு 2-0-1-0. முன்னதில் சதுச்ருதி ரிஷபமும், பின்னதில் சதுச்ருதி தைவதமும் புகுந்துவிடுகின்றன. பிள்ளை சுத்த ரிஷபம் பாட, ஆசிரியரின் கருவி வேறொரு ரிஷபத்தை ஒலிக்கும். நாள்தோறும் இவ்வாறு கேட்கும் இளஞ்செவி கருவியின் பக்கமே சாயும். மாயாமாளவகௌளை மெல்லச் சங்கராபரணமாகும். பிழை ஒரு மெட்டளவுதான், இழப்போ இராகமே.

எல்லையும் உணர்தல் வேண்டும். மெட்டுகள் நிலையானவை, கமகத்தைக் கூட்டொலி தாங்காது. தம்பூராவில் தானே எழும் காந்தாரத்தினும் யுகுலேலேயின் காந்தாரம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்தது. ஆகவே சரளிக்கும் சண்டைக்கும் இக்கருவி துணை நிற்கலாம்; கீர்த்தனைக்குத் தம்பூராவே தகும். சரளியிலும் ஆசிரியர் முதலில் சுருதியில் பாடிக் காட்டி, பிள்ளையின் ரிஷபம் நிலைத்த பின்னரே தந்தியைத் தொடுதல் நன்று. பாட்டின் வழியே கருவி செல்லுதல் வேண்டும். கருவியின் வழியே பாட்டு செல்லுதல் கூடாது.