முட்டி வலிக்கு சைக்கிள் மேல் பழி போடாதீங்க!

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கும். டயரில் காற்று இருக்காது. ‘வயசாயிடுச்சு, இனி நமக்கு எதுக்கு?’ என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். உண்மையில் காரணம் வயசா, சீட்டின் உயரமா? என்றைக்காவது யோசித்ததுண்டா?

சமீபத்தில் 52 வயது இல்லத்தரசி ஒருவர் வந்தார். சர்க்கரை லேசாக எட்டிப் பார்த்திருந்தது. ‘‘காலேஜுக்கு தினமும் சைக்கிள்லதான் போவேன் டாக்டர். கல்யாணத்துக்கப்புறம் விட்டுப்போச்சு. இப்ப பையனோட சைக்கிளை எடுத்தேன். பத்தே நாள்ல முட்டி பிடிச்சுக்கிச்சு. இனிமே எனக்கு ஒத்துக்காதுங்க’’ என்றார்.

வலி எங்கே என்றேன். முட்டிச் சில்லுக்கு முன்புறம் தொட்டுக் காட்டினார்.

‘‘சீட்டை ரொம்ப இறக்கி வச்சிருக்கீங்களாம்மா?’’

‘‘ஆமாங்க. ரெண்டு காலும் தரையில படணுமில்ல? விழுந்துட்டா?’’

அவ்வளவுதான் விஷயம். சீட் தாழ்வாக இருந்தால், பெடலை அழுத்தும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தி வலிக்கிறது. சீட்டை அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்தச் சொன்னேன். ஒரு மாதத்தில் வலி அடங்கி, கன்னங்குறிச்சி வரை போய் வர ஆரம்பித்துவிட்டார்!

வயசுக்கு வயசு மாறணும்

சிறு வயதில் பலரும் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் அடித்துத்தான் பழகியிருப்போம். அன்று வேறு வழியில்லை. இன்று ‘வளர்ற பிள்ளைதானே’ என்று பெரிய சைக்கிளாக வாங்கித் தராதீர்கள். பழகும் குழந்தைக்கு சீட்டில் உட்கார்ந்தபடியே கால் தரையில் பட வேண்டும். பழகிய பிறகு சீட்டை உயர்த்திக்கொள்ளலாம்.

தமிழக அரசு 2001-02-ல் மாணவிகளுக்குத் தொடங்கி, பின்னர் மாணவர்களுக்கும் விரிவாக்கிய இலவச சைக்கிள் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். சைக்கிள் ஒரே அளவு. பிள்ளைகளின் உயரம் ஒரே அளவா? கடையில் ஸ்பேனரை வாங்கி சீட்டை சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும்.

‘கத்துக்கவே இல்லையே, இனி முடியுமா?’ என்கிறீர்களா? 1991-ல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். வயல்வேலை செய்பவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, குறுக்குக் கம்பி தாழ்ந்திருக்கும் லேடீஸ் சைக்கிள் நல்லது. ஆண்களும் கூச்சப்பட வேண்டாம்! காலைத் தூக்கிப் போடும் சிரமம் இல்லை. ஏற்காடு அடிவாரம் பக்கம் போகிறவர் என்றால் கியர் வைத்தது வாங்குங்கள். ஏற்றத்தில் முட்டிக்குப் பாரம் குறையும்.

அளந்து பாருங்க

சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே இறக்கி, அதன் மேல் குதிகாலை வையுங்கள். முட்டி நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட் அதிக உயரம். கை மரத்தால் ஹேண்டில்பார் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கலாம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஒரு காலை ஊன்றிப் பழகுங்கள். விழும் பயம் போய்விடும்.

முட்டித் தேய்மானத்தை சித்த மருத்துவம் அழல் கீல் வாயு என்கிறது. அளவான அசைவு மூட்டுக்கு நல்லது; அசையாத மூட்டு இறுகிப் போகும். சைக்கிளில் உடல் எடையைப் பெரும்பாலும் சீட் தாங்குவதால் முட்டிக்குச் சுமை குறைவு. ஆனால் நடக்கும்போது எலும்புக்குக் கிடைக்கும் பலம் இதில் அவ்வளவாகக் கிடைக்காது. எனவே நடையையும் விடாதீர்கள்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் 5 நாள் என்றால் கணக்கு சரியாப் போச்சு! முதல் வாரம் 10 நிமிஷம் போதும். நம்ம ஊர் வெயிலுக்குக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் வெயிலில் அலையக் கூடாது என்பார்கள் பெரியவர்கள்; அன்று சைக்கிளுக்கும் லீவு.

தலைசுற்றல், இதயநோய், வீங்கிய முட்டி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள், ‘அதான் சைக்கிள் மிதிக்கிறேனே’ என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாக்கெட்டில் கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ இருக்கட்டும்.

புதிதாக வாங்குவதானால் கலரையும் விலையையும் பிறகு பாருங்கள். யார் ஓட்டப் போகிறாரோ, அவரையே கடைக்கு அழைத்துப் போய், ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலை வைத்துப் பார்த்து வாங்குங்கள். செருப்பை அளவு பார்க்காமல் வாங்குவோமா, என்ன?