ரயிலும் ஒரு பள்ளிக்கூடமே

"சும்மா இரு!" ரயிலில் குழந்தைகள் அதிகமாகக் கேட்கும் உபதேசம் இதுதான். அதற்கும் அடங்காவிட்டால் கைபேசியைக் கொடுத்துவிடுகிறோம். ஜன்னலுக்கு வெளியே தமிழ்நாடே ஓடிக்கொண்டிருக்க, குழந்தையோ குனிந்த தலை நிமிர்வதில்லை!

சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் வண்டியில் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம், காவிரி, வைகை என்று நதிகள் வரிசையாக வரும். எதில் ஜலம், எதில் மணல் என்று குழந்தையே சொல்லட்டும். ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். கடல் மட்டத்திலிருந்து அவ்வூரின் உயரமும் பல பலகைகளில் உண்டு. சற்றுப் பெரிய குழந்தையானால் கணக்கும் போடலாம்: ஒரு கிலோமீட்டரைக் கடக்க 40 விநாடி ஆனால், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்.

கேள்விக்குப் பதில் கிடைக்காத குழந்தை நாளடைவில் கேட்பதையே விட்டுவிடும். பிறகு உபாத்தியாயர்களாகிய நாங்கள் கரும்பலகை முன் நின்று தொண்டை வறளக் கத்தியும் பயன் என்ன?