துத்தநாகம் போட்டும் நெல் தேறலையா? மண்வள அட்டையில் கரிமத்தைப் பாருங்க!

துத்தநாக சல்பேட் போட்டாச்சு. ஆனாலும் நடவு முடிந்த மூணாவது வாரத்தில் நெல் இலையில் துரு நிறப் புள்ளி விழுது. உரம் சரியில்லையோ என்று கடைக்காரரைக் கேட்கப் போகும் முன், உங்கள் மண்வள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்க.

அதில் 12 அளவுகள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பார்த்துவிட்டு அட்டையை மடித்து வைப்பவர்களே அதிகம். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகிய நான்கு உலோகச் சத்துகளும் அதே அட்டையில் உள்ளன. 'அங்ககக் கரிமம்' என்று இன்னொரு வரியும் உண்டு. அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் அதிகம். இந்த வரிக்கும் அந்த நான்கு உலோகங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைப் புரிந்துகொள்ள, உரமே போடாத ஓர் இடத்துக்குப் போய் வரலாம், வாங்க.

காடு சொல்லும் பாடம்

நீலகிரியின் சோலைக்காடுகளில் யாரும் துத்தநாகம் தூவுவதில்லை. மாதக்கணக்கில் மழை வேறு மண்ணைக் கழுவுது. ஆனாலும் மரங்கள் பச்சையாகவே நிற்கின்றன. எப்படி?

உதிரும் சருகைப் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் சிதைத்து மட்காக்குகின்றன. மட்கின் மூலக்கூறுகளில் எதிர்மின் தன்மையுள்ள பிடிகள் ஏராளம். இரும்பு, துத்தநாகம், தாமிரம் போன்றவை மண்நீரில் நேர்மின் அயனிகளாக இருப்பதால், அந்தப் பிடிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஓர் உலோக அயனியை ஒரே மூலக்கூறின் இரண்டு மூன்று பிடிகள் சேர்ந்து கவ்வினால் அதற்குப் பெயர் 'கொடுக்கிணைப்பு'. நண்டு தன் கொடுக்கால் இரையைப் பிடிக்குமே, அது மாதிரி! இப்படிப் பிடிபட்ட உலோகம் மழையில் எளிதில் அடித்துச் செல்லப்படாது. மட்கின் சிறிய, கரையும் மூலக்கூறுகள் அதை வேர் வரைக்கும் சுமந்தும் செல்லும்.

உதவி ஒருபக்கம் மட்டும் இல்லை. நீலகிரியின் உயரமான பகுதிகளில், நெடுங்காலம் சிதைந்த பாறையிலிருந்து இரும்பும் அலுமினியமும் மண்ணில் மிஞ்சியுள்ளன. அவை மட்கோடு பிணைந்துகொள்வதால், நுண்ணுயிர்கள் அந்த மட்கை எளிதில் தின்று தீர்க்க முடிவதில்லை. அங்கே மேல்மண் கருப்பாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். எரிமலையே இல்லாத அந்த மலையில், எரிமலை மண்ணின் குணமுள்ள மண்ணை ஆய்வாளர்கள் கண்டதும் இந்தப் பிணைப்பால்தான்.

இன்னொரு நன்மையும் இருக்கு. கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். மட்கு அதைப் பிடித்து வைத்து நஞ்சைத் தணிக்கிறது. மலைச்சரிவில் காய்கறி பயிரிடும்போது மேல்மண் அரித்துப் போனால், இந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே போகும்.

உங்கள் வயலில்

இப்போது சமவெளிக்கு வருவோம். சுண்ணாம்பும் களர்த்தன்மையும் உள்ள நிலத்தில் நீங்கள் போடும் துத்தநாகத்தில் பெரும்பகுதி கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். மண்ணில் இருக்கும், பயிருக்குக் கிடைக்காது. மட்கு இருந்தால் ஒரு பகுதியைக் கவ்வி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை:

• ஏக்கருக்கு 5 டன் நன்கு மட்கிய தொழு உரம் இடுங்கள். மட்காத வைக்கோலை நீர் தேங்கிய வயலில் மிதித்துவிட்டால் துத்தநாகப் பற்றாக்குறை கூடவும் வாய்ப்பு உண்டு.

• நுண்ணூட்டக் கலவை 1 பங்குக்குத் தொழு உரம் 10 பங்கு கலந்து, லேசான ஈரத்தோடு 30 நாள் நிழலில் வைத்து, பிறகு இடுங்கள். காட்டில் நடக்கும் பிணைப்பு இந்தக் குவியலிலேயே தொடங்கிவிடும்.

• துத்தநாக சல்பேட்டை டிஏபி போன்ற மணிச்சத்து உரத்தோடு கலக்காதீங்க.

அட்டை இல்லையா?

உங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள். நெல் வயல் என்றால் வரப்பு, மரநிழல், எருக்குவியல் இருந்த இடங்களைத் தவிர்த்து, பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். உலோகச் சத்துகளையும் சோதிப்பதால் துருப்பிடித்த மண்வெட்டியும் தகர வாளியும் வேண்டாம். மரக்குச்சி, பிளாஸ்டிக் வாளி நல்லது. சந்தேகம் இருந்தால் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

அடுத்த முறை அட்டை கைக்கு வந்ததும், துத்தநாக வரியைப் பார்க்கும் முன் கரிம வரியைப் பாருங்க. அது குறைவாக இருந்தால், உரக்கடைக்குப் போகும் முன் எருக்குழிக்குப் போங்க.