வளையும் மூட்டும் வருந்தும் குழந்தையும்

மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளுக்கு அருகே, தமிழ்க் குடும்பம் ஒன்றினை நாம் அறிவோம். அவ்வீட்டுச் சிறுமி தன் கட்டைவிரலை முன்கையோடு ஒட்டும்படி மடக்கிக் காட்டுவாள். காண்போர் வியப்பர், பெற்றோர் பெருமிதம் கொள்வர். இரவிலோ, முழங்கால் நோகிறதென்று அவள் அழுவாள். பள்ளியில், எழுதச் சோம்புகிறாள் என்று ஏச்சு. வித்தையும் வலியும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது நெடுநாள் எவருக்கும் தோன்றவில்லை.

எலும்புகளை மூட்டில் பிணைப்பவை தசைநார்கள். அவற்றிற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். தசைநார் தளர்ந்திருப்பின் மூட்டு எல்லை கடந்து வளையும்; அதனை நிலைநிறுத்தத் தசைகள் மிகுதியாக உழைக்க வேண்டும். எனவேதான் ஓடியாடிய நாளின் முடிவில் களைப்பும் நோவும் தோன்றுகின்றன.

இதனை அளக்க, பைட்டன் என்னும் மருத்துவர் 1973இல் செப்பனிட்ட முறை இன்றும் வழங்குகிறது. சுண்டுவிரல்கள், கட்டைவிரல்கள், முழங்கைகள், முழங்கால்கள் ஆகியவற்றிற்கு இரண்டிரண்டு மதிப்பெண், முழங்காலை மடக்காது குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் ஒன்று, ஆக 9. பூப்புப் பருவம் எய்தாத சிறாரிடத்தே 6 அல்லது அதற்கு மேற்பட்டால் பொதுவான தளர்ச்சி எனக் கொள்வர். ஆயினும் மதிப்பெண்ணே நோயாகிவிடாது. குழந்தைகளின் உடல் இயல்பாகவே வளைந்து கொடுப்பது. வலியின்றி வளையும் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டுவதில்லை.

மூட்டு வீக்கம், காலையில் விறைப்பு, காய்ச்சல் ஆகியன காணின் வேறு நோயை ஐயுற வேண்டும். தோல் மிக இழுபடுதல், தழும்பு அகன்று மெலிதல், மூட்டு அடிக்கடி நழுவுதல், கைகால்கள் அளவுக்கு மீறி நீளுதல் ஆகியன இருப்பின் இதயத்தையும் கண்ணையும் சோதிப்பது நன்று. ஏலர்ஸ்–டான்லோஸ், மார்ஃபான் முதலிய பரம்பரை நோய்கள் அவ்வாறு வெளிப்படக்கூடும்.

தளர்ந்த தசைநாரை இறுக்கும் மருந்து இல்லை. தசையை வலுப்படுத்துவதே வழி. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கற்பிக்கும் பயிற்சிகளை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும். நீந்துதல் நலம், நோவுக்கு அஞ்சிப் படுக்கையிலேயே கிடத்தல் தசையை மேலும் மெலிவிக்கும். எழுதத் தடித்த பென்சிலும் இடையிடையே ஓய்வும் உதவும். நடனமோ களரியோ பயில்வோர், மூட்டைக் கடைசி எல்லைவரை வளைக்காதிருக்குமாறு ஆசானிடம் முன்னரே கூறிவைத்தல் வேண்டும்.

அச்சிறுமி இப்பொழுது விரல் வித்தை காட்டுவதில்லை. அவளது வலி முற்றும் நீங்கியதென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது பொய்யன்று என்பதை வீடும் பள்ளியும் உணர்ந்துவிட்டன. சிகிச்சையின் முதற்படி அதுவே.