தடுப்பூசி மருந்தும் உஷ்ணமும்

நம் சங்க அங்கத்தினர்களுள் ஆடு மாடோ காவல் நாயோ இல்லாத வீடு அரிது. நாய்க்குப் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பு மருந்தை வள்ளியூரில் வாங்கிச் சட்டைப் பையில் இட்டு, சித்திரை வெயிலில் பேருந்தேறி ராதாபுரம் வந்து சேர்வோர் உண்டு. ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதி அவர்களுக்கு இருக்கும். மருந்துக்கு வீரியம் இருந்ததா என்பதை அவர்கள் அறியார். வெறிநோயின் குறிகள் தோன்றிய பின் மனிதர் பிழைப்பது மிகமிக அரிது. ஆகவே இதனை நாம் விளக்க முற்படுகிறோம்.

1907-ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. கடிபட்டோர் அம்மலைக்குச் சென்று சிகிச்சை பெற்றனர். இன்று மருந்தே ஊர் தேடி வருகிறது. அதனுடன் குளிரும் கூடவே வர வேண்டும்.

இம்மருந்தில் இருப்பவை செயலிழக்கச் செய்யப்பட்ட நோய்க்கிருமிகள். அவற்றின் மேலுள்ள புரதத்தை அடையாளங் கண்டே உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. உஷ்ணம் மிகுந்தால் அப்புரதம் உருக்குலையும். வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாகாது. அதுபோல், கெட்ட மருந்தைக் குளிரில் வைத்தும் பயனில்லை. மருந்தை வைக்க வேண்டிய நிலை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட். குளிர் நல்லதென்று பனிக்கட்டி உறையும் அறையில் வைப்பதும் தவறே. நாய்களுக்கான மருந்துகள் பலவற்றில் அலுமினியச் சேர்மம் கலந்திருக்கும். உறைந்தால் அது, பாவுக்கு இடும் கஞ்சி திரிந்தாற்போல், கட்டிதட்டி வீரியம் குன்றும்.

டான்சானியாவில் ஒரு நாய்த் தடுப்பூசி மருந்தைச் சோதித்த முடிவு 2016-இல் வெளியாயிற்று. 25 டிகிரியில் ஆறு மாதமும், 30 டிகிரியில் மூன்று மாதமும் இருந்த மருந்து, குளிரில் இருந்ததற்கு ஈடாகவே பலன் தந்தது. சிறிது நேர மின்தடையால் மருந்து முற்றும் பாழாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம் என்பதற்கு இது சான்று. எனினும் எல்லா மருந்தும் அத்தகையதன்று. பட்ட வெயிலைப் புட்டியைப் பார்த்து அறியவும் இயலாது.

ஆதலின், குளிர்ப்பெட்டி உள்ள கடையில் மட்டுமே மருந்து வாங்குக. பனிக்கட்டி இட்ட குடுவையில், மருந்துப் புட்டியைத் துணியில் சுற்றி, பனிக்கட்டி நேரே படாமல் கொணர்க. கால்நடை மருத்துவரிடம் அன்றே சேர்ப்பிக்க.

மனிதரை நாய் கடித்தால் தாமதம் கூடாது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. அங்கே ஊசி இலவசம். குறித்த நாள் தவறாமல் எல்லா ஊசிகளையும் போட்டு முடிப்பது உயிரைக் காக்கும்.